மரமஞ்சள் வாங்க வந்த பெண்

கரையான்சாவடியில் சாதுல்லாவின் நாட்டு மருந்துக் கடை. மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்திருந்தாள் அவர் மனைவி ஃபக்ருன்னிசா. மார்பில் புற்றுநோய். இரண்டு கீமோ ஊசியிலேயே உடம்பு துவண்டுவிட்டது. மூன்றாவதுக்குப் போகவில்லை, பதிலுக்கு மரமஞ்சள் கஷாயம்.

அந்தக் கஷாயத்துக்குக் காரணமான பெண் படியேறி வந்தாள். பானுப்பிரியா, கல்லூரியில் மரமஞ்சளை வைத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்பவள்.

"வாம்மா டாக்டரு! அதே மரமஞ்சள்தானே?"

"இன்னும் டாக்டர் ஆகல பாய். அதேதான்."

"எங்க ஊட்லயும் அதான் குடிச்சிகினு கீது. கேன்சரு சக்கரையத் துன்னு வளருது, இது அந்தச் சோத்துல மண்ணப் போடுதுன்னு போன தபா சொன்ன இல்ல? ஊசிய நிறுத்திட்டோம்."

பானுப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ பாய்! நான் சொன்னது லேப்ல கண்ணாடித் தட்டுல வளர்க்கிற கேன்சர் செல்லுக்கு. மனுஷங்களுக்கு இல்ல."

"தட்டுல சாவுது இல்ல?"

"தட்டுல பினாயில ஊத்தினாக்கூடத்தான் சாவும். குடிப்பீங்களா? அதுவும் எல்லாம் சாவல. சக்கரை கிடைக்கலைன்னா சிலது வேற தீனிக்கு மாறிக்குது. அதோடதான் வருஷக்கணக்கா மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

சாதுல்லா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நானே என் கையால…"

"உங்க மேல இன்னா தப்பு," என்றாள் ஃபக்ருன்னிசா. "கஷாயத்துக்கு இது கேக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சிகினேவா குடிச்ச?"

"ஊசி போட்டா ஒரு வாரம் எழுந்துக்க முடியல. ஊசி வேணாம்னா நீங்க அழுவீங்க. கஷாயம்னதும் சந்தோசமா அடுப்பப் பத்த வெச்சீங்க. சரி, கொஞ்ச நாளு மூச்சு வுட்டுக்கலாம்னு இருந்தேன்."

"கட்டி எப்படி இருக்குக்கா?" பானுப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"பெருசாயிடுச்சு."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாதுல்லா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோ கஷ்டப்படுத்துதுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாக்கா? மருந்து மாத்துவாங்க, அளவக் குறைப்பாங்க."

"அந்தக் கும்பல்ல நம்ம பேச்ச யாரு கேக்குறா?"

"நாளைக்கு நான் கூட வர்றேன். நான் பேசுறேன்."

"உனக்கு வேல கெடக்காதா, கண்ணு?"

"செல்லு எங்கயும் ஓடிடாது."

ஃபக்ருன்னிசா தெருவைப் பார்த்தாள். மறுபடி ஆஸ்பத்திரியில் அந்த வரிசை, அந்தக் கட்டில், ஊசி ஏறியதும் வாயில் அந்த இரும்பு ருசி. நினைக்கவே அலுப்பாக இருந்தது. என்ன சொல்வாளோ என்று சாதுல்லா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாம்," என்றாள். "இன்னிக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்துகினு கீறேன்."