பொய் தாங்காத கூடை

அந்த மலைப்பள்ளத்தைக் கடக்கிற கயிற்றுக்கூடையில் பொய் சொன்னவர் ஏறினால் கூடை தாழும். சின்னப் பொய்க்கு ஒரு சாண், நடுத்தரப் பொய்க்கு ஆளுயரம், சத்தியம் பண்ணிச் சொன்ன பொய்யென்றால் கப்பி இருந்த இடத்தைவிட்டு அசையாது. மழை பெய்தால் கூரை நனைகிற மாதிரி இதுவும் ஊரில் ஒரு சங்கதி, அவ்வளவுதான். கூடையை இழுக்கும் சக்கரத்தைச் சுற்றுகிறவளுக்குக் கூடைக்காரி என்றே பெயர். ஏற வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: "இன்னைக்கு எதையாவது அளந்துவிட்டுட்டு வந்தீங்களா?" அளந்தவர்கள் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொன்னதை வாய்க்குள்ளேயே வாபஸ் வாங்கிவிட்டு ஏறுவார்கள். பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்களுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

ஆரம்பத்தில் வியாபாரிகள் இந்தக் கூடைக்கு ரொம்பவே பயந்தார்கள். விடிந்ததிலிருந்து "கட்டுப்படியாகாதுங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்தவர்கள் அல்லவா. ஆனால் அவர்கள் ஏறியபோது கூடை இம்மியும் தாழவில்லை. சொல்கிறவனும் நம்பாமல் கேட்கிறவனும் நம்பாமல் புழங்குகிற வார்த்தைக்கு எடை கிடையாது என்று கயிறு தானாகவே முடிவு செய்திருந்தது. படித்த நீதிபதிகளுக்குக்கூட இந்த விவரம் போதாது என்று மளிகைக்காரர் சொல்வார். நார்க்கயிறு நைந்து, சாலைத் துறை இரும்பு வடம் வாங்கிக் கொடுத்த பிறகும் குணம் மாறவில்லை. பழைய கயிற்றின் நுனியில் கட்டித்தான் புது வடத்தை அக்கரைக்கு இழுத்தார்கள். போகிற போக்கில் காதில் ஓதிவிட்டிருக்கும்.

அந்த வடத்தால்தான் வம்பு வந்தது. மலைவட்டாரத்தின் உண்மைக் கதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடுவதென்று துறை தீர்மானித்து, வரலாறு எழுத ஒருவரை அனுப்பிவைத்தது. குடையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்த நல்ல மனிதர். ஊர் அவருக்கு வரலாற்று சார் என்று பெயர் வைத்தது. அவர் கூடவே ஒரு கல்லும் வந்தது. 'இக்கயிற்றுப் பாதை துறையின் பொறியாளர்களால் அமைக்கப்பட்டது' என்று நகரத்திலேயே செதுக்கி, பளபளவென்று தேய்த்து அனுப்பியிருந்தார்கள். ஊர்ப்பக்கத்தில், சக்கரத்துக்குப் பக்கத்தில் அதை நட வேண்டும். நட்டுவிட்டால் பாதை துறையுடையது. சக்கரத்தில் குத்தகைதாரரின் ஆள் உட்காருவான். கூடைக்காரி வீட்டுக்குப் போகலாம். இதை வரலாற்று சார் ஒளிக்காமல் சொன்னார். பள்ளத்துக்கு இந்தப்பக்கம் இருப்பவர்களிடம் ஒளித்துப் பேசிப் பிரயோஜனமில்லை என்பதை அவர் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார்.

கல்லை அக்கரையில் இரண்டு ஆட்கள் அலுங்காமல் தூக்கிக் கூடையில் வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம், கூடை தொபுக்கென்று இறங்கிப் பாறையில் உட்கார்ந்துகொண்டது. இக்கரையில் கூடைக்காரி சக்கரத்தைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தாள், நகரவில்லை. கல்லைக் கவிழ்த்துப்போட்டார்கள். எழுத்தின்மேல் சாக்கைப் போர்த்தினார்கள். ஒருவர் தன் கோட்டைக் கழற்றி அதற்கும் மேலே போட்டார். கயிறு ஏமாறவில்லை. "சார், வடம் வாங்கிக் கொடுத்தது துறைதான், இல்லேன்னு சொல்லலை" என்று கூடைக்காரி பக்கத்தில் நின்ற வரலாற்று சாரிடம் கத்தினாள். "அமைச்சோம்னு போட்டீங்க பாருங்க, அதுதான் கனக்குது!"

அமைத்தது யார் என்று வரலாற்று சார் கேட்டார். கூடைக்காரியின் அம்மா என்று ஊர் முழுக்க ஒரே குரலில் சொன்னது. எப்படி என்று கேட்டார். மூடுபனிமேல் நடந்துபோய் என்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் தொழிலுக்கு நேர்மையாக ஒரு ஏற்பாடு சொன்னார். கூடைக்காரி கூடையில் ஏறி உட்கார்ந்து, நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூடை தாழாவிட்டால் அவள் சொன்னதையே கல்லில் வெட்டுவது. தாழ்ந்தால், துறையின் கல் மலையைச் சுற்றிக் கோவேறு கழுதைமேல் ஏறி வந்துசேரும். பிறகு யாரும் இந்த ஏற்பாட்டிலிருந்து மாறக் கூடாது. சரி என்றாள் கூடைக்காரி. சொன்ன பிறகுதான் யோசித்தாள். சக்கரம் சுற்றுகிறவள் கூடையில் ஏறுவது அபூர்வம். அம்மாவின் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தரையில் நின்றுதான் சொல்லியிருக்கிறாள். தரைக்கு எல்லாப் பேச்சும் ஒரே எடைதான்.

மறுநாள் காலை ஊரே பள்ளத்தின் விளிம்பில் கூடியது. சக்கரத்தை மளிகைக்காரர் பிடித்துக்கொண்டார். கூடைக்காரியின் அப்பாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. ஒருகாலத்தில் கயிறு திரித்தவர் அவர். அக்கரைக்குக் கயிறு போனபோது மறுமுனையைப் பிடித்திருந்தவர் என்ற முறையில் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை ஊர்த்தலைவருக்குக்கூட இல்லை. ஆனால் அந்தக் கூடையில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. முழங்கால் வலி என்பார்.

கூடையைப் பள்ளத்தின்மேல் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். கூடைக்காரி ஊர் சொல்கிறபடியே ஆரம்பித்தாள். அப்போதெல்லாம் அக்கரைக்குப் போக மலையைச் சுற்ற வேண்டும். பிரசவ வலி கண்டவர்கள் போய்ச்சேர்வதற்குள் பிள்ளை வழியிலேயே பிறந்து, நடக்கவும் பழகியிருக்கும். கூடை லேசாகத் தாழ்ந்தது. "நடக்கல, பிறந்துச்சு, அவ்வளவுதான்" என்று திருத்திக்கொண்டாள். கூடை பழைய உயரத்துக்கு வந்தது. அம்மா நடந்தபோது தலைக்குமேல் ஒரு கழுகு குடை பிடித்தது என்றாள். ஒரு சாண் இறங்கியது. கழுகை விட்டுவிட்டாள். பள்ளம் நிறைய மூடுபனி நின்றது, இறுகி நின்றது, அம்மா அதன்மேல் காலை வைத்து அக்கரை வரை நடந்தாள் என்றாள். கூடை அசையவே இல்லை. வரலாற்று சார் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏம்மா, அந்தப் பனி விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

"பனிமேல நடந்தா சார். கால் கணுக்கால் வரைக்கும்தான் புதைஞ்சுதாம்."

அசையவில்லை. ஊர் நெஞ்சை நிமிர்த்தியது. கூடைக்காரி அந்த வேகத்திலேயே மேலே போனாள். ஊருக்கு ஒரு வழி வேணும்னு அம்மா கிளம்பினா. அப்பா தன் கையாலேயே அவ இடுப்பில் கயிற்றைக் கட்டி, நல்லபடியாகப் போய் வா என்று அனுப்பிவைத்தார். வாயை மூடவில்லை, கூடை கடகடவென்று ஆளுயரம் இறங்கியது. மளிகைக்காரர் சக்கரத்தோடு சேர்ந்து எகிறினார். "அக்கா, எதையாவது வாபஸ் வாங்கு! என்னால தாங்க முடியல!"

எதை வாபஸ் வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் தலை வாரிக்கொண்டே அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னது அது. யாரிடமும் சொல்லாதே, மனுஷர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கிறார், நடந்துவிட்டுப் போகட்டும் என்றும் கூடவே சொல்லியிருந்தாள். ஊரார் கேட்டால் அம்மா, "அவரையே கேளுங்க" என்று நகர்ந்துவிடுவாள். அதனால்தான் அவளுக்குக் கூடை கடைசிவரை தாழவே இல்லை. இப்போது சொன்னால் அப்பாவின் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் அம்மாவின் கயிறு போகும். கூடைக்காரி அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள். சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. கூடை இன்னும் ஒரு முழம் இறங்கியது.

கிழவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். "ஊருக்காகவும் போகல, ஒண்ணுக்காகவும் போகல" என்றார், பள்ளம் எதிரொலிக்கும்படி. "என்கூட சண்டை போட்டுக்கிட்டுப் போனா!"

கூடை சரசரவென்று மேலே வந்தது.

கயிறு திரிக்கிற வேலையைப் பார்த்தவர்களுக்கு மீதி புரியும். ஒருவர் நின்ற இடத்தில் சக்கரம் சுற்றுவார். இன்னொருவர் இடுப்பில் நார்ப்பொதியைக் கட்டிக்கொண்டு, சக்கரத்தைப் பார்த்தபடி, நாரை விட்டுக்கொடுத்துக்கொண்டே பின்னால் பின்னால் நடப்பார். அவர் சுற்ற மனைவி நடந்த அன்று காலை, கயிறு வாங்க வந்தவரிடம் அவர், கயிறெல்லாம் என் கைவேலை, இவள் சும்மா நடக்கிறவள்தானே என்று சொல்லிவிட்டார். வந்தவர் போன பிறகு, வேலையை நிறுத்தாமலேயே சண்டை தொடங்கியது. சும்மா நடக்கிறேனா என்று கேட்டபடி அவள் பின்னால் நடந்தாள். ஆமாம் என்றபடி அவர் சுற்றினார். முற்றம் முடிந்தது, வேலி முடிந்தது, தரையும் முடிந்தது. பின்னால் நடக்கிறவளுக்கு அது தெரியாது. மூடுபனிக்குள் அவருக்கும் தெரியவில்லை. முதலில் நிறுத்துகிறவர் தோற்றவர் என்பதால் அவரும் கையை நிறுத்தவில்லை, அவளும் காலை நிறுத்தவில்லை. தூரம் கூடக் கூடக் குரலும் கூடியது. கோபம் தீராதவரை இடுப்பில் நாரும் தீரவில்லை. முதுகில் ஒரு மரம் இடித்தபோது திரும்பிப் பார்த்தாள்: அக்கரை. பனி விலகியது. பள்ளத்தின் குறுக்கே, சக்கரத்திலிருந்து அவள் இடுப்பு வரை, புதுக்கயிறு விறைத்து நின்றது.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றார் வரலாற்று சார்.

"என்ன பண்றது? அவ கயித்தை அந்த மரத்துல கட்டிட்டு, கீழயே உட்கார்ந்துட்டா. இங்க இருந்து மன்னிப்புக் கேட்டா காதுல விழலைங்கிறா. விழும், எனக்குத் தெரியும். கயித்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே போய் நேர்ல கேட்டேன். கயித்துல முதல்ல கடந்தது நான்தான் சார், அது மட்டும் நிஜம். திரும்பி வந்தப்போ ஊர்க்காரங்க எதுக்குப் போனீங்கன்னாங்க. ஊருக்காகன்னுட்டேன். அப்புறம் எங்க இதுல ஏறுறது?"

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஊருக்காக உயிரைப் பணயம் வைத்தவளைவிட, சண்டையை விட்டுக்கொடுக்காமல் பள்ளத்தையே தாண்டியவள்தான் தங்களுக்குப் பொருத்தம் என்று ஊர் அங்கேயே முடிவு செய்துவிட்டது. கோபித்துக்கொண்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போவதில்லை, பாதை போட்டுவிட்டு வருவார்கள் என்று அக்கரைச் சந்தையில் இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறார்கள். கிழவரின் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கக் கயிற்றில் தொங்கிப் போன ஆம்பளை இந்த வட்டாரத்தில் வேறு எவனும் இல்லை என்று பெண்கள் சொன்னதில், அவர் மதிப்பு கொஞ்சம் ஏறவே செய்தது.

கல்லில் பழைய எழுத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, 'சும்மா நடந்தவள் போட்ட பாதை' என்று வெட்டினார்கள். இந்த முறை கூடை அதைக் காய்ந்த சருகு மாதிரி தூக்கி வந்தது. சுற்றுவதற்குக் கூடைக்காரிக்கு ஒரு கை போதுமானதாக இருந்தது. கல்லைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நட்டு, மண் மிதித்து, அவள் மறுபடி வேலையைத் தொடங்கினாள். வரலாற்று சார் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினார். துறையில் படித்துப் பார்த்தார்கள், பாதசாரிகள் நடமாட்டம் உள்ள இடம் என்று பதிவு செய்தார்கள், பள்ளத்தின் விளிம்பில் ஒரு பலகை வைத்தார்கள்: மூடுபனி இறுகியிருக்கும் நாள்களில் இடது ஓரமாக நடக்கவும். எதிரே ஆள் வரக்கூடும் என்பதால், ஊரில் எல்லோரும் அப்படியே நடக்கிறார்கள்.