எழுச்சி வேங்கையிடமிருந்து மலைக்குப் போனவை

முப்பது வருடமாக நடிகர் ஜெகவேந்தன் மேல் அடித்துக்கொண்டிருந்த காற்று, ஏற்காட்டில் படப்பிடிப்பு தொடங்கிய இரண்டாம் நாள் காலையில் நின்றுபோனது. நின்ற காற்று வீணாகவில்லை. அதே நேரத்தில் பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலையில் களத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் மேல் அது அடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அவளுடைய கொண்டை மட்டும் அவிழ்ந்து பின்னால் பறந்தது. முறத்திலிருந்த தூசியும் காம்பும் தனியாகப் போயின. மழை வருமா என்று வானத்தைப் பார்த்த வெள்ளையம்மாள், வராது என்று தெரிந்ததும் அடுத்த முறத்தை அள்ளினாள்.

அந்தக் காற்றுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஜெகவேந்தன் நாயகனான காலத்தில், அவர் காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் எதிரில் ஒரு ராட்சத மின்விசிறியை வைத்து முடியைப் பறக்கவிடுவார்கள். பத்துப் பதினைந்து படம் முடிந்ததும் காற்றுக்கே பழகிவிட்டது. விசிறி இல்லாவிட்டாலும் வந்தது. தயாரிப்பாளர்கள் வாடகை மிச்சம் என்று மகிழ்ந்தார்கள். ரசிகர் மன்றத்தார் தெய்வாம்சம் என்றார்கள். அவருடைய மனைவி காவேரி மட்டும் செய்தித்தாளையெல்லாம் அம்மிக் குழவியை வைத்து அடக்கவேண்டியிருந்தது. அந்தக் காற்றில் ஜெகவேந்தன் கையால் ஒரு கற்பூரம் கொளுத்தியதாக வரலாறு இல்லை. பிறகு படங்கள் ஓடுவது நின்றது. 'எழுச்சி வேங்கை' என்று மன்றத்தார் மூலமாகத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டத்தோடு ஒரு கட்சி ஆரம்பித்தார்; கொடிக்கு நிறம் தேர்ந்தெடுப்பதிலேயே பொழுது போய்விட்டதால் கொள்கைக்கு நேரம் கிடைக்கவில்லை. மார்க்கெட் போனது, கட்சி போனது, காற்று மட்டும் இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்காத கல்யாண மண்டபங்களில்கூட அவருடைய முடி தனியாகப் பறந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹரிஹரன் என்ற இளம் இயக்குநர் வந்தான். "சார், நீங்க நீங்களாவே நடிக்கணும். கொஞ்சம் காமெடியா" என்றான். ஜெகவேந்தன் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது. பெயர் மறந்துபோன ஒரு பழைய நாயகன் மலையூர் லாட்ஜில் தங்கிக்கொண்டு, எல்லோருக்கும் தன்னைத் தெரியும் என்று நினைத்து மானம் கெடுவதுதான் கதை என்பது, முன்பணம் வாங்கி வெகு நாள் கழித்து ஏற்காட்டு ஏரிக்கரையில்தான் அவருக்குப் புரிந்தது. இரண்டாம் நாள் முதல் காட்சியில் அவர் காரிலிருந்து இறங்க, அவருடைய உதவியாளன் ஒரு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடி, ஒயர் பிளக்கிலிருந்து கழன்று விழவேண்டும். கூட்டமே சிரித்தது. "கட்" என்றதும் ஜெகவேந்தனின் முடி நெற்றியில் படிந்தது. அதன் பிறகு எழவில்லை.

முடிக்கும் முகத்துக்கும் டச்சப் செய்யும் பெருமாள், இருபது வருடமாக அவரோடு இருப்பவன், ஒன்றுமே நடக்காததுபோல் சீப்பை எடுத்தான். "காத்து நின்னுபோச்சுடா" என்றார் ஜெகவேந்தன். "எந்தக் காத்துண்ணே?" என்றான் அவன். அன்று மாலை லாட்ஜ் டிவியில் அவருடைய பழைய வெற்றிப்படம் ஒன்று ஓடியது. அதில் இளம் ஜெகவேந்தன் காரிலிருந்து இறங்கினார். முடி எண்ணெய் வைத்து வாரியதுபோல் படிந்து கிடந்தது. அவர் திரையைத் துடைத்துப் பார்த்தார். மறுநாள் ஜீப் ஓட்டும் பொன்னுவேல், மிளகு விலை சொல்கிற குரலில் சேதி சொன்னார்: "ஏனுங்க சார், உங்க காத்து எங்கூருல இருக்குதுங்க. ஊருசனமெல்லாம் ராகி, மெளகு எல்லாத்தையும் வெள்ளையம்மா களத்துக்கே கொண்டாந்து தூத்திக்கிறாங்க. நொம்ப ஒத்தாசைங்க."

காற்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் நாள் அவருடைய மெதுநடையைக் கேலி செய்தார்கள். அவர் ஒரு காலைத் தூக்கி மறு காலை வைப்பதற்குள் கொய்யாப்பழக் கடைக்காரர் வியாபாரம் முடித்துக் கடையைக் கட்டுவதாகக் காட்சி. கட் சொன்னபோது ஜெகவேந்தன் ரேஷன் கடைக்குப் போகிறவர்போல் நடந்துகொண்டிருந்தார். சேலம் பஸ்ஸின் கண்டக்டர் சரவணன், கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரியை ஒதுக்க இறங்கியவர், அப்படியே மெதுநடையில் போனார்; தோளில் கிடந்த துண்டு அலை அலையாக எழுந்து இறங்கியது. அன்றிலிருந்து அந்த பஸ் தாமதமாகத்தான் வருகிறது. பயணிகள் கோபிப்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து, விரலைச் சுண்டினால் இடி இடிக்கும் அவருடைய புகழ்பெற்ற ஸ்டைலைக் கேலி செய்தார்கள். அது ஏரிக்கரையில் பஜ்ஜி போடும் மல்லிகாவிடம் போய்ச் சேர்ந்தது. அவள் கையில் ஒட்டிய மாவை உதறும்போதெல்லாம் மலை அதிர்ந்தது. சட்னி இன்னும் கொஞ்சம் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டதாக அவள் சொன்னாள்.

ஒவ்வொன்று போகும்போதும் பழைய படங்களிலிருந்தும் அது போனது, பார்த்தவர்கள் மனதிலிருந்தும் போனது. பொன்னுவேலுக்கு மட்டும் எப்படியோ எது யாருடையது என்று தெரிந்திருந்தது. ஜெகவேந்தன் கைப்பேசியில் தன் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். இருந்த இடமெல்லாம் பொட்டலாகிக்கொண்டு வந்தது. அவருக்கு இவையெல்லாம்கூடப் பெரிதில்லை என்பது ஒன்றை நினைத்தபோது தெரிந்தது. அதைத் தொடும்வரை விடமாட்டார்கள்.

அது அவருடைய இரண்டாவது படம். காற்றும் பட்டமும் வராத காலம். பிணவறை வாசலில் நிற்கும் மகனிடம் சிப்பந்தி ஒரு சட்டையையும் செருப்பையும் கொடுப்பான். மகன் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா செருப்பு இல்லீங்க, எங்கப்பா செருப்புல வார் அறுந்திருக்கும்" என்று சொல்லி, குரல் பாதியில் உடைந்து அழுவான். அவ்வளவுதான் காட்சி. ஜெகவேந்தனுடைய அப்பா, சேலம் அம்மாப்பேட்டையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர், அதற்கு முந்தின வாரம்தான் செத்திருந்தார். முகம் வீங்கினால் காட்சிக்குக் காட்சி முகம் மாறி, கன்டினியூட்டி போய்விடும் என்று படக்குழுவில் எச்சரித்து அனுப்பியிருந்ததால் இழவு வீட்டில் அவர் அழவில்லை. கேமரா முன்னால்தான் அழுதார். அப்பாவுக்காக அவர் அழுத ஒரே அழுகை அதுதான், அதுவும் ஒரே டேக்கில். அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் என்னவென்று அவருக்கே தெரியும். அந்த ஒரு நிமிடம் மட்டும் நடிப்பு இல்லை.

பயத்தில் மனிதர் சேர்வராயன் கோயிலுக்குப் போனார். குகைக்குள் குனிந்து போகவேண்டும். படத்தில் அம்மா காலில் விழுவதற்கே டூப் போட்டவர், முட்டி வலிக்கக் குனிந்தார். திரும்பும் வழியில் ஜீப்பைத் தலைச்சோலைக்கு விடச் சொன்னார். போனதில் ஒன்றையாவது மீட்க முடிந்தால் மற்றதையும் காப்பாற்றலாம் என்பது அவர் கணக்கு. வெள்ளையம்மாள் களத்தில்தான் இருந்தாள். முடி பறந்தபடியே நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, இது உங்க காத்துங்களா? எடுத்துக்கிட்டுப் போங்க சாமி. ஒரு கொண்டை போட உட மாட்டேங்குது. ஆனா கையில மாட்டுதான்னு பாருங்க."

ஜெகவேந்தன் களத்தின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். ராகி கொண்டுவந்திருந்த சனங்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். காற்று அவரைச் சுற்றிக்கொண்டு வெள்ளையம்மாள் மேல் போய் அடித்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கையை இறக்கினார். வாசற்படியில் ஓர் இளைஞன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "எம் பையனுங்க. விஜயகுமாரு" என்றாள் அவள். "போன மாசம் அவங்கப்பா மெளகு பறிக்கிறப்ப ஓக்கு மரத்துல இருந்து உழுந்துட்டாருங்க. அவர் பறிச்ச மெளகுதான் இது. நாங்கூட அழுது தீத்துட்டனுங்க. இவன் ஒரு சொட்டு அழுவல. சோறும் எறங்கல. இப்புடியே உட்டா புத்திக்கு ஏறிரும்னு சொல்றாங்க." ஜெகவேந்தன் பையிலிருந்து தன் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றை எடுத்து ஆறுதலாகக் கொடுத்தார். காற்று அதை வாங்கி மிளகுக் கொடிகளுக்கு மேலாகக் கொண்டுபோனது.

அவர் பயந்தபடியே வந்தது. "சார், கிளைமாக்ஸ் பிடிச்சிட்டேன்" என்று ஹரிஹரன் ஓடிவந்தான். "அந்தப் பிணவறை சீனை லாட்ஜுல கெஸ்ட்டுங்க முன்னாடி நடிச்சுக் காட்டறீங்க. ஒருத்தரும் அழல. ஒருத்தர் எழுந்து தோசை வரலையேங்கறாரு. தியேட்டர் பிச்சிக்கும் சார்." ஜெகவேந்தன், அது மட்டும் வேண்டாம் தம்பி என்றார். தொண்டை கட்டிவிட்டது என்றார். ரத்த அழுத்தம் என்றார். ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினார்கள். கடைசியில் அவருக்கே ஒரு யோசனை வந்தது: யாருக்கும் சிரிப்பே வராதபடி படுமோசமாக நடித்துவிட்டால் எடிட்டிங்கில் வெட்டிவிடுவார்கள், அழுகை தப்பித்துவிடும். வாழ்நாள் முழுக்க எந்த முயற்சியும் இல்லாமல் மோசமாக நடித்தவர், அன்றைக்கு முதல் முறையாக முயன்று மோசமாக நடித்தார். செருப்பைத் தலைகீழாகப் பிடித்தார். வசனத்தை விழுங்கினார். அழவேண்டிய இடத்தில் விக்கினார். ஒரு கணம் சத்தமே இல்லை. ஜெகவேந்தன் மனதுக்குள் அப்பாடா என்றார். உடனே லாட்ஜே வெடித்துச் சிரித்தது. கேமரா குலுங்கியது. பெருமாள் பவுடர் பஞ்சை வாயில் அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹரிஹரன் கட்டிப்பிடித்து, "சார், இத்தனை வருசம் இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றான்.

ஜெகவேந்தன் வராண்டாவுக்குப் போய்க் கைப்பேசியில் அந்தப் பழைய படத்தைத் தேடினார். பிணவறை வாசலில் இளைஞன் செருப்பை வாங்கினான், "சரிங்க" என்றான், பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவர் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் ஜீப்பில் ஏறினார். "பொன்னுவேலு, எங்கயாவது யாராவது அழற சத்தம் கேட்டுதா?"

"அதைச் சொல்லத்தானுங்க வந்தேன். வெள்ளையம்மா பையன் அழுவுறானுங்க, இப்பத்தான் ஆரம்பிச்சான். தொண்டை உங்குளுதுங்க சார், வயசுல இருந்த தொண்டை. ஊரே நொம்ப சந்தோசமா இருக்குது."

திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் அவர் போனார். எப்படி வாங்குவது என்று தெரியாது. கெஞ்சலாம், மிரட்டலாம், காவேரியின் வளையலைக் கழற்றித் தருவதாகச் சொல்லலாம். தலைச்சோலையில் வெள்ளையம்மாள் வாசலில் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே விஜயகுமார் அழுதுகொண்டிருந்தான். பாதியில் உடைகிற அந்தக் குரலை ஜெகவேந்தன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார், வார்த்தைகள்தான் வேறு. "போதுமுங்கப்பா, எறங்குங்க... பறிச்சது போதும், எறங்கி வாங்கப்பா" என்று அவன் கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளையம்மாள் அவன் முதுகைத் தடவியபடி, "அழுவு கண்ணு, நல்லா அழுவு" என்றாள். யாரோ நகர்ந்து ஜெகவேந்தனுக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். ஒரு பெண் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்க எந்தூருங்க?" என்று கேட்டாள். அவர் முப்பத்தைந்து வருடமாகச் சென்னை என்று சொல்லிவந்தவர். "அம்மாப்பேட்டைங்க" என்றார்.

கேட்கவந்ததை அவரால் கேட்க முடியவில்லை. அப்பாவையாவது நினைத்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினார், இனி அங்கே ஒன்றும் இருக்காது என்ற கிலியோடு. இத்தனை வருடமும் அப்பாவை நினைத்தால் அவருக்குத் தெரிந்தது தன்னுடைய முகம்தான், குளோசப்பில், கண்ணீரோடு, நல்ல வெளிச்சத்தில். அந்தக் குளோசப் இப்போது இல்லை. அது மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பீடி இருந்தது. கன்னத்தில் மறந்தே போயிருந்த ஒரு மரு இருந்தது. அவர் தலையைத் தூக்காமலே திட்டினார்: "ஏண்டா, கண்ணாடியில மூஞ்சியையே எத்தன நேரம் பாப்ப? வந்து பம்பைப் புடி."

ஜெகவேந்தனுக்கு அழுகை வரவில்லை. அதுதான் போய்விட்டதே. ஆனால் பொழுது சாயும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

படம் வந்தது, ஓடியது. இத்தனை நாள் சிரிப்பு நடிகராக இருந்திருக்கவேண்டியவர் என்று பத்திரிகைகள் எழுதின. விஜயகுமார் மறுநாளிலிருந்து சாப்பிட ஆரம்பித்து, அந்த வருடம் காப்பிப் பழம் பறிப்புக்கு மேஸ்திரியானான். மலையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், அழுகை வராத மகனோ அண்ணனோ இருந்தால், விஜயகுமாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். அவன் குரல் உடையும்போது அவர்களுக்கும் உடைந்துவிடுகிறது. அதற்கு அவன் எதுவும் வாங்குவதில்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சேலத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பெரியவர் வருவார். பொன்னுவேல் போன் பண்ணியிருப்பார். வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நடுநடுவே யாரோ திட்டியதற்குப் பதில் சொல்வதுபோல, "சரிப்பா, வரேன்ப்பா" என்று முனகுவார். யாரென்று யாரும் கேட்பதில்லை. காப்பியைக் குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார். கும்பிடுவதில்லை, கையசைப்பதில்லை, போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.