அன்னப்பூரணி மருமகனுக்குச் சொன்ன விலை

மருமகன் வல்லிபுரத்தை விலைபேசக் கொழும்புக் கம்பனியின் ஆள் வரப்போகிறார் என்ற கதை, அமிர்தகழியில் கடைசியாக எட்டியது அன்னப்பூரணியின் காதுக்குத்தான். எந்த வீட்டில் என்ன கறி என்பதை மணத்தை வைத்தே சொல்லுகிறவள் அவள். தன் வீட்டுச் சங்கதி மட்டும் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு அவளிடம் வந்தது. அந்தக் கோபமே பாதிக் கோபம்.

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் அது. பட்டினத்தில் அமெரிக்கப் பாதிரிமார் பள்ளிக்கூடப் பொடியன்களுக்குப் 'பாஸ்கட்போல்' என்ற கூடைப்பந்தைப் பழக்கியிருந்தார்கள். வல்லிபுரம் அங்கே பழகினவன். கமுகு மாதிரி உயரம். படிப்பு விட்டுப்போயும் பந்து விடவில்லை. கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பனி தன் அணிக்கு ஆள் தேடியது. கம்பனிக் கந்தோரில் உட்கார்ந்து எழுதப் பேருக்கு ஒரு கதிரை, மைதானத்தில் மெய்யான வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். ஆளை எடைபோட்டுச் சம்பளம் பேசும் பொறுப்பு, பட்டினத்துப் பறங்கியரான வோல்ட்டரின் தலையில் விழுந்தது.

வோல்ட்டர் முதலில் போனது வல்லிபுரத்தின் தகப்பன் வீட்டுக்கு. அவர் கையை விரித்துவிட்டார்.

"பெத்ததோட என்ட வேலை முடிஞ்சுது துரை. கலியாணம் முடிச்ச பொறகு அவன் அவங்கட வீட்டு ஆள். மாமிக்காரிய கேளுங்க."

அதுதானே வழக்கம். பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் வந்து சேருவான். ஒரே மகள் நேசம்மாவுக்குக் கல்வீட்டையும் வாவிக்கு அக்கரை வட்டையில் இருந்த நல்ல வயலையும் எழுதிக்கொடுத்துத்தான் அன்னப்பூரணி இந்த மாப்பிள்ளையை எடுத்தாள். எடுத்தது மகள் கண்முன்னால் இருக்கவேண்டும் என்பதற்காக. இவன் கொழும்புக்குப் போனால் அவளும் பின்னாலே போய்விடுவாள். விடலாமா? வோல்ட்டரின் சைக்கிள் மணி கேட்டதும் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

கதிரை போட்டாள். தண்ணீர் கொடுக்கவில்லை.

"ஆளை எடுக்க வந்தீங்களாம். தாராளமா எடுங்க. மறுகா ஏமாந்துபோனன் எண்டு என்ட வாசலுக்கு வரப்படா. விடிஞ்சு வெயில் ஏறினாலும் எழும்ப மாட்டார். வயலுக்குப் போகச் சொன்னா வயித்துவலி. அடியில்லாத கூடைக்குள்ள பந்தைப் போடுறதுக்கு மட்டும் வலியில்ல. என்ன விளையாட்டு அது? போட்டது கீழால விழுகுது, திரும்பவும் போடுறானுகள்!"

கிணற்றடியில் நின்ற வல்லிபுரம் வாளியை 'டங்' என்று வைத்தான். மாமியோடு நேரே பேசுகிற பழக்கம் அவனுக்கில்லை; வாளிதான் பேசும்.

வோல்ட்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கொடுக்கிறவளே சரக்கைக் குறைசொன்னால் வாங்குகிறவனுக்குக் கசக்குமா?

"நானும் பாத்தன் அம்மா. பாயுறார், போடுறார், சரி. பக்கத்தில நிக்கிறவனுக்குப் பந்து குடுக்க மாட்டார். இடது கை சும்மா தொங்குது. கடைசி நேரத்தில நாக்குத் தள்ளுது. இந்த ஆட்டத்துக்குக் கந்தோர்ப் பியோன்ட சம்பளம் குடுக்கலாம். அதுக்கு மேல கம்பனிக்குக் கட்டாது."

'வேலை முடிந்தது' என்று அன்னப்பூரணி நினைத்தாள். பியோன் சம்பளத்துக்கு எவன் கொழும்புக்குப் போவான்? அவள் வாய் சிரிக்கப் பார்த்த நேரம், வேலிக்கு அந்தப்பக்கம் வேறொருத்தி சிரித்தாள். அடுத்த வளவுக் கண்ணகை. அவள் தன் மகனுக்கு நேசம்மாவைக் கேட்டு, 'உன்ட மகனுக்கு என்ன பெறுமதி' என்ற சொல்லை வாங்கிக்கொண்டு போனவள். வேலியில் காய்ந்த துணி விலகி, அவள் தலை தெரிந்தது.

"பியோன்ட விலையோ? அடியே அன்னம், அதுக்காடி கல்வீடும் வயலும் குடுத்தாய்? என்ட மகன் மாட்டுக்கொட்டிலுக்கே வந்திருப்பானேடி!"

அன்னப்பூரணியின் முகம் சுட்ட கத்தரிக்காயாய்ச் சுருங்கியது. மருமகனின் விலை விழுந்தால் அவனுக்குக் கொடுத்த வீட்டின் விலையும், கொடுத்தவளின் புத்தியும் சேர்ந்தல்லவா விழுகிறது! பொழுது படுமுன் மாமாங்கக் குளத்தடி வரைக்கும் கதை போய்விடும்.

"இஞ்ச, துரை!" என்று திரும்பினாள். "ஆரைப் பியோன் எண்டீங்க? பந்து குடுக்கல்லயாம்! ஏன் குடுக்கோணும்? குடுத்த ரெண்டு தரமும் பக்கத்தில நிண்ட அந்தக் கட்டையன் தவறவிட்டான். நான் கண்ணால பாத்தன்."

"நீங்க ஆட்டம் பாக்க வந்தீங்களா?"

"சந்தைக்குப் போன வழியில நிண்டன். அதுக்கென்ன? இடது கை தொங்குதாம்! நல்ல காரியத்தை எவன் இடது கையால செய்வான்? உங்கட வீட்டில எப்படியோ! நாக்குத் தள்ளினதாம், மற்றவனுகள் நாலு பேரும் மரம்போல நிக்க, இவர் ஒராள் ஓடினா நாக்குத் தள்ளாம என்ன செய்யும்? தலைமைக் கிளாக்கர்ட சம்பளம். ஒரு சல்லி குறைஞ்சாலும் என்ட மருமகன் வாசல்படி தாண்ட மாட்டார்."

"அம்மா, அது கூட..."

"கூடவெண்டா சைக்கிளை எடுங்க. குறைஞ்ச விலைக்கு ஆள் வேணுமெண்டா அடுத்த வளவில ஒருத்தன் நிக்கிறான். பந்தும் தெரியா, ஒண்டும் தெரியா."

கண்ணகையின் தலை வேலித்துணிக்குப் பின்னால் படக்கென்று இறங்கியது.

வோல்ட்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கம்பனி சொல்லியனுப்பிய உச்சவரம்பும் அதுதான். குறைத்துப் பிடித்துப் பேரெடுக்க நினைத்தவர் அவர்.

"சரி அம்மா. நீங்க சொன்ன விலைதான். நாளைக்குக் கையெழுத்து."

சரி என்ற சொல்லைக் கேட்டபிறகுதான், மகளும் போய்விடுவாள் என்பது அன்னப்பூரணிக்கு உறைத்தது. வீட்டுக்குள் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. நேசம்மா கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க போறாய்? அவர் தனியப் போய் உழைக்கட்டும்."

"பியோன்ட பெண்சாதியெண்டா இஞ்ச கிடந்திருப்பன் அம்மா. இவ்வளவு சம்பளக்காரரைக் கொழும்பில தனிய விடப்படாது. விலையை ஏத்தினது நீங்கதானே?"

அன்னப்பூரணி கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அடித்தால் மகள் கத்துவாள்; கத்தினால் வேலி சிரிக்கும்.

"மற்றப் பெட்டியையும் எடுடி," என்றாள், அடுத்த வளவுக்குக் கேட்கிற குரலில். "பெரிய சம்பளக்காரர்ட பெண்சாதி ஒத்தைப் பெட்டியோட போய் இறங்கினா ஆருக்கு வெக்கம்?"