கார்டின் இரண்டாம் ஆள்

"உன் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சி லா, ஷாந்தினி!" மேல்மாடி வார்டிலிருந்து தாதி ராஜம்மா போனில் சிரித்தார். "நம்ம குஞ்சம்மாவுக்கு புரோஸ்டேட் ஆப்பரேஷன் நடந்துச்சாம். பொம்பளைக்கு! சரி வைக்கிறேன், அவங்க கால் புண்ணுக்கு பெனிசிலின் போடணும். இன்னிக்கு எஸ்டேட் லாரி வேற வரும்."

ஷாந்தினியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே, அது யாருடைய குறிப்பு என்று புரிந்துவிட்டது.

அலோர் காஜா டவுனிலிருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் பழைய கம்ப்யூட்டரைப் புதிய சர்வரோடு இணைக்கும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். வார்டுகளில் இருந்த பச்சை எழுத்துத் திரைகளைத் தூக்கிவிட்டு, மவுஸ் வைத்த புதுப் பெட்டிகளை நேற்றுதான் வைத்தார்கள். பழைய கம்ப்யூட்டர் கீழ் அறைக் குளிரில் உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும். மேனேஜர் சேகரன் கேக் வெட்டாததுதான் பாக்கி.

எஸ்டேட் தொழிலாளர் குடும்பத்துக்கு ஒரே மருத்துவக் கார்டு. கணவன் ஒன்று, மனைவி இரண்டு, அப்புறம் பிள்ளைகள் என்று கார்டு எண்ணுக்கு வால் மாதிரி ஓர் எண் இருக்கும். புது சர்வர் அந்த வாலை ஏற்க மறுத்தது. ஷாந்தினி வெட்டி எறிந்தாள். ஆளுக்கொரு கார்டு வைத்திருந்த டவுன்காரர்களை வைத்துச் சோதித்தபோது எல்லாம் அழகாக வந்தது. எஸ்டேட்டில் அப்பாவின் கார்டில் மூன்றாம் ஆளாக வளர்ந்தவள், டவுனுக்கு வந்து சொந்தக் கார்டு வாங்கியதும் அதை மறந்தே போனாள்.

இப்போது எஸ்டேட்டில் யார் எண்ணைத் தட்டினாலும் புது சர்வரிலிருந்து பெயர் சரியாக வரும். பழைய கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும் நோய்க் குறிப்பு மட்டும், கார்டின் முதல் ஆளான வீட்டு ஆம்பளையுடையது.

கீழ் அறை மூலையில் மிச்சமிருந்த ஒரே பச்சைத் திரையில் குஞ்சம்மாவின் கார்டு எண்ணை வாலோடு தட்டினாள். இரண்டாம் ஆள். பெனிசிலின் ஆகாது. முன்பு ஒருமுறை மூச்சே நின்று பிழைத்தவர்.

வார்டு போன் எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ்.

ஓடினாள். படிகளில் தாவி ஏறினாள். ஐயோ, கொன்றுவிட்டேனே, கொன்றுவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. வார்டுக்குள் ராஜம்மா ஊசியும் கையுமாகக் குனிந்திருந்தார்.

"அக்கா, போடாதீங்க!"

ஊசி நுனி தோலைத் தொடாமல் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் ராஜம்மா ஊசியைத் தட்டில் போட்டார்.

"பெனிசிலினா? எனக்கு ஆகாதே," என்றார் குஞ்சம்மா. "சொல்ல வாயெடுத்தேன்மா. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, பேசாம படுங்கன்னாங்க மிஸ்ஸி," என்று ராஜம்மாவைக் காட்டினார்.

ஷாந்தினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். குஞ்சம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அப்போது கீழே ஹார்ன் சத்தம் கேட்டது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். டுரியான் துங்கால் எஸ்டேட்டின் லாரி வந்து நின்றிருந்தது. பின்கதவு திறந்ததும் பெண்களும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆண்கள் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு முந்தினார்கள். வீட்டுக்கு ஒரு கார்டு.

"அக்கா, கவுண்டருக்குப் போன் போடுங்க, யாருக்கும் மருந்து குடுக்க வேணாம்னு சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே ஷாந்தினி மறுபடி படிகளில் ஓடினாள்.