உள்ளேன், சிஸ்டர்

பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைப்பது ஆயாவின் வேலை. கூட்டுவது, மணியடிப்பது, பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி விடுவது எல்லாம் அதோடு சேர்த்தி. அந்த வட்டாரத்தில் அவள் அழித்த அளவுக்கு எழுத்தை வேறு யாரும் அழித்திருக்க மாட்டார்கள். அதில் ஒன்றையாவது படிக்கத் தெரியுமா என்றால், தெரியாது.

ஒருநாள் கணக்கு வாத்தியார் பரீட்சைக்காகப் பலகை நிறைய எழுதி, அடியில் கொட்டை எழுத்தில் 'அழிக்காதீர்கள்' என்றும் எழுதிவைத்துப் போனார். ஆயா அதையும் சேர்த்துப் பளிச்சென்று துடைத்து வைத்தாள். மறுநாள் ஆசிரியர்கள் அறையில் ஒரே சிரிப்பு. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள்.

சிரிக்காதவர் சிஸ்டர் ஒருவர்தான். பாலர் வகுப்பு எடுக்கும் கன்னியாஸ்திரி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் பழைய தாளாளரிடம் அனுமதி வாங்கி, பள்ளி விட்டபின் நாலு மணிக்கு அதே அறையில் பெண்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார். மீன்காரம்மா, சலவைக்காரம்மா, தையல்காரி என்று ஆயாவோடு பதினொரு பேர். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று சிஸ்டர் கேட்டதே இல்லை. குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து படித்தார்கள். மீன்காரம்மா ஒருமுறை எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. வருகைப் பதிவேடுகூட உண்டு. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன், சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போதெல்லாம் ஆயாவுக்கு முதுகு தானாக நிமிரும்.

புதிய தாளாளர் ஃபாதர் கெட்டவர் இல்லை. பள்ளியின் பேர்மேல் உயிரையே வைத்திருந்தார், அதுதான் வம்பு. ஒருநாள் மாலை மறைமாவட்டத்திலிருந்து விருந்தினர் வருவதாக இருந்ததால், மூன்று மணிக்கே பாலர் வகுப்பறையைப் பார்வையிட வந்தார். பலகையின் ஒரு பாதியில் கோணல்மாணலாகப் பதினொரு பெயர்கள். முந்தின நாள்தான் ஒவ்வொருத்தியும் தன் முழுப்பெயரைத் தன் கையால் முதன்முதலாக எழுதியிருந்தாள்.

வெளியாட்கள் கூடையும் மூட்டையுமாக வந்து போவது பள்ளிக்கூடத்துக்கு அழகில்லை என்றார் ஃபாதர். இன்றோடு இந்த வகுப்பு கிடையாது என்றார். பலகையைத் துடைக்கும்படி ஆயாவிடம் சொன்னார்.

சிஸ்டர் தலை குனிந்து நின்றார். ஆயா டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகை வரை போனாள். கை மேலே எழும்பவில்லை.

"கீழ மூலைல என்ன எழுதியிருக்குன்னு படிங்க ஃபாதர்" என்றாள்.

ஃபாதர் குனிந்து பார்த்தார். 'அழிக்காதீர்கல்' என்று இருந்தது.

"ள வரவேண்டிய இடத்துல ல போட்டிருக்கு."

"அதுக்குத்தான் இன்னும் வகுப்பு வேணும்ங்கிறேன்."

ஃபாதரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சிஸ்டரே வாயைத் திறக்காமல் கீழ்ப்படிகிறபோது உங்களுக்கு என்ன வந்தது, வேலை வேண்டாமா என்று கேட்டார்.

பத்தொன்பது வருட வேலை அது. ஆனாலும் ஆயா டஸ்டரை மேஜைமேல் வைத்தாள்.

"சிஸ்டர் கீழ்ப்படியிறேன்னு சாமிகிட்ட வாக்குக் குடுத்தவங்க. நான் அப்படி யாருக்கும் குடுக்கல. மத்தவங்க எழுதினத எவ்வளவு வேணும்னாலும் துடைக்கிறேன் ஃபாதர். இது நான் எழுதினது."

அவளிடம் பேசிப் பயனில்லை என்று ஃபாதர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "நாலு மணிக்கு இந்த அறை பூட்டியிருக்கணும். இது என் கட்டளை."

"சரி, ஃபாதர்" என்றார் சிஸ்டர்.

ஃபாதர்மேல் வந்ததைவிட அந்த 'சரி'யின்மேல்தான் ஆயாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு மணியை உடைத்துவிடுகிறவள் போல அடித்துவிட்டு வந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சிஸ்டர் கையில் சாவியோடு வாசலில் நின்றார். விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பப் போகிறார் என்றுதான் ஆயா நினைத்தாள். அவரோ எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார். கடைசியாக ஆயாவையும் உள்ளே தள்ளாத குறையாக அனுப்பித் தானும் வந்து, கதவைச் சாத்தி, உள்பக்கமாகச் சாவியைப் போட்டுத் திருகினார்.

பதினொரு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூட்டத்தான் சொன்னாரு" என்றார் சிஸ்டர். "எந்தப் பக்கம் நின்னு பூட்டணும்னு சொல்லல."

வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. விருந்தினர் யாரோ, இது என்ன அறை என்று கேட்டார். பாலர் வகுப்பு, இப்போது உள்ளே யாரும் இல்லை என்று ஃபாதர் சொல்வது தெளிவாகக் கேட்டது. கதவின் கைப்பிடி ஒருமுறை அசைந்து நின்றது.

சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து, முதலில் ஆயாவின் பெயரைக் கூப்பிட்டார்.

ஆயா குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"உள்ளேன், சிஸ்டர்" என்றாள், வராந்தாவின் கடைசி வரை கேட்கும்படி.