தட்டு காலி

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாமே புதுசு. கொரியாவின் தேகு நகரத்தில் வேறு எவரும் வாங்குவதற்கு முன்னால் நாங்கள் வாங்கிவிடுவோம். இதயத் துறையில் நெஞ்சைப் பிளக்காமல் தொடை வழியாகவே வால்வு வைத்துவிடுகிறார்கள். நரம்பியலில் ஞாபக மறதிக்கு முதுகில் ஒட்டும் பிளாஸ்திரி. சர்க்கரைத் துறையில் வாரம் ஒரு ஊசி. அதைப் போட்டால் சர்க்கரை இறங்கும், எடை இறங்கும், அந்தத் துறைப் பேராசிரியரின் தலைக்கனம் மட்டும் ஏறும். சாப்பாட்டு வண்டியைக்கூட விடவில்லை. அதில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். தட்டு போகும்போது ஒரு படம், திரும்பும்போது ஒரு படம். நோயாளி எவ்வளவு சாப்பிட்டார் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வார்டுத் திரையில் காட்டிவிடும். வண்டி வந்த அன்று டைரக்டர் ரிப்பன் வெட்டினார். சோற்றுத் தட்டுக்கு ரிப்பன் வெட்டிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

நான் யோ, பதினோராம் மாடி வார்டின் டாக்டர். எனக்குத் துறை கிடையாது. பேராசிரியர்களுக்குப் படுத்திருக்கும் நோயாளியைப் பார்க்க நேரமில்லை என்பதால், வார்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். டாக்டரை நோயாளி பக்கத்தில் நிறுத்தி வைப்பதும் எங்கள் ஊரில் நவீன முன்னேற்றம்தான். மேடையில் அப்படித்தான் சொல்கிறார்கள். மற்றபடி, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கமும் இல்லாமல் பெண் பக்கமும் இல்லாமல் பந்தியில் உட்கார்ந்த ஆளுக்கு என்ன மரியாதையோ அதுதான் எனக்கும்.

தாக் மான்கி என்ற பெரியவர் என் வார்டுக்கு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். சோமுன் சந்தைப் பக்கம் நாற்பது வருஷமாகப் பன்றி எலும்பு சூப்பும் சோறும் விற்றவர். கையில் அண்டாவைத் தூக்கிய தழும்பு இருந்தது, அண்டா தூக்கிய சதை இல்லை. போன வருஷம் அவருக்கு வால்வு வைத்தார்கள், அருமையாக வேலை செய்தது. அதோடு விட்டிருக்கலாம். சர்க்கரை இருக்கிறதே என்று அந்தத் துறைக்கு அனுப்பினார்கள், ஊசி வந்தது. சிறுநீரகத் துறை ஒரு மாத்திரை சேர்த்தது. மனைவியின் பெயரை ஒரு தடவை மாற்றிச் சொன்னதற்குப் பிளாஸ்திரி வந்தது. ஒவ்வொன்றும் நல்ல மருந்து, ஒவ்வொன்றும் புதிய வழிகாட்டுதல்படி. எல்லாம் சேர்ந்து அந்த மனிதருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. இப்போது எழுந்து நின்றால் முழங்கால் மடங்குகிறது. இப்படியே இன்னும் ஒரு மாதம் போனால் மறுபடி எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அவர் மனைவி மோ சுன்ரே. கட்டிலுக்குக் கீழே மடக்குப் படுக்கையில் அந்த அம்மாவும் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தாள்.

"டாக்டரம்மா, இந்த மனுஷன் சாப்பிடவே மாட்டேங்குறாரு. நாலு வாய் வச்சா போதும், வாயை மூடிக்கிறாரு. நானும் சொல்லாத டாக்டர் இல்ல. எல்லாரும் அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

நானும் திரையைப் பார்த்தேன். காலை, மதியம், இரவு, எல்லா வேளையும் தட்டு கிட்டத்தட்ட காலி.

"உங்க வீட்டுக்காரர் நல்லா சாப்பிடுறார்னு இதுல இருக்கேம்மா."

"அப்போ அந்தப் பெட்டியையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுதான் நல்லா சாப்பிடுது போல."

எங்கள் ஊர் மரியாதை ஒன்று உண்டு. ஒரு துறை எழுதிய மருந்தில் இன்னொரு துறை கை வைக்காது. சந்தேகம் இருந்தால் பணிவாகக் கேட்டு எழுத வேண்டும். நான் எல்லாத் துறைக்கும் எழுதினேன். எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த பதிலை அனுப்பினார்கள்: தங்கள் மேலான நோயாளியை எங்களிடம் ஒப்படைத்தமைக்கு நன்றி, எங்கள் துறையைப் பொறுத்தவரை குறிப்பிடும்படியான பிரச்சினை எதுவும் இல்லை. வால்வு பிரமாதம், சர்க்கரை பிரமாதம், சிறுநீரகம் பிரமாதம். இவ்வளவு பிரமாதமான உறுப்புகளைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் செத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் இன்னொரு கூத்து. வயிறாரச் சாப்பிட்டும் ஆள் இளைக்கிறார் என்றால் உள்ளே எங்கேயோ புற்று ஒளிந்திருக்க வேண்டும் என்று புற்றுநோய்த் துறை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. புதிய ஸ்கேன் எடுத்தார்கள். விழுங்கும் கேமரா கொடுத்தார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அவரைப் பட்டினி போட்டார்கள். சாப்பிடாத மனிதர் ஏன் இளைக்கிறார் என்று கண்டுபிடிக்க அவரைச் சாப்பிட விடாமல் வைத்திருந்தது எங்கள் ஆஸ்பத்திரி.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் பியோ சாங்உக் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். சர்க்கரைத் துறைத் தலைவர். பின்னால் வெள்ளைக் கோட்டுகள் வாத்துக் கூட்டம் போல வந்தன. அடுத்த மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய கருத்தரங்கு. எல்லாத் துறைகளின் புதிய சிகிச்சைகளையும் ஒரே நோயாளியின் உடம்பில் காட்டப்போகிறார்கள். அந்த உடம்பு தாக் மான்கியுடையது.

"ஐயா, எப்படி இருக்கீங்க? சாப்பாடெல்லாம் எறங்குதா?"

பெரியவர் எழுந்து உட்கார முயன்றார். முடியாமல் படுத்தபடியே தலையைத் தாழ்த்தினார்.

"உங்க தயவுல நல்லா இருக்கேங்க, பேராசிரியர் ஐயா. நல்லா சாப்பிடுறேன்."

பேராசிரியர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தீர்களா என்பது போல. அவர் போனதும் சுன்ரே அம்மா கணவர் மேல் பாய்ந்தாள்.

"என்ன நல்லா சாப்பிடுறேன்? காத்தையா? சாகும்போதுகூட உங்க தயவுல நல்லா செத்தேங்கன்னு சொல்லிட்டுத்தான் சாவீங்களா?"

"பின்ன என்னடி சொல்றது. அவ்வளவு பெரிய மனுஷன் வந்து கேக்கறாரு. முகத்துல அடிச்ச மாதிரியா சொல்ல முடியும்?"

எனக்குக் கோபம் வந்தது. பெரியவர் மேல் இல்லை. எங்கள் நாட்டில் பேராசிரியரிடம் எந்த நோயாளியும் உண்மையைச் சொல்வதில்லை, அவமரியாதை ஆகிவிடும். அது தெரிந்தும் அந்தப் பதிலை ஆதாரமாக எழுதிக்கொண்டு போகிறார்களே, அவர்கள் மேல்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்த அறைக்குப் போனேன். டாக்டர்கள் யாரும் அந்த நேரத்தில் வார்டில் இருப்பதில்லை, எல்லாரும் கீழே கேண்டீனில் வரிசையில் நிற்பார்கள். பெரியவர் இரண்டு கரண்டிக் கஞ்சியை விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளினார். சுன்ரே அம்மா கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். பிறகு பெருமூச்சு விட்டுத் தட்டைத் தன் மடிப்பக்கம் இழுத்து, கஞ்சி, மீன், கீரை, கிம்ச்சி ஊறுகாய் என்று ஒன்றுவிடாமல் சாப்பிட்டு முடித்தாள். தட்டைத் துடைத்து வைத்தாற்போல் வண்டியில் கொண்டுபோய் வைத்தாள். வண்டி படம் பிடித்தது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கொரியாவில் எந்த வார்டில் பார்த்தாலும் நோயாளி மிச்சம் வைத்ததைத் துணைக்கு இருப்பவர்தான் சாப்பிடுவார். என் அப்பா படுத்திருந்தபோது நானும் சாப்பிட்டிருக்கிறேன். வண்டியைச் செய்தவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள், அவளும் சாப்பிட்டிருப்பாள். ஆனால் கேமராவை வைக்கும்போது ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"அம்மா, தெனமும் நீங்கதான் சாப்பிடுறீங்களா?"

"பின்ன கொட்டவா சொல்றீங்க? சோத்துக்கடை வச்சவ நான். ஒரு பருக்கையைத் தூக்கிப் போட்டா எனக்குத் தூக்கம் வராது."

நான் வண்டி செய்யும் வேலையை விளக்கிச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. போன மாதம் தைத்த மேல்சட்டை இப்போது அவளுக்கு இடுப்பில் பிடித்தது; அதை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்போ நான் இவரைத்தான் தின்னுக்கிட்டிருந்தேனா டாக்டரம்மா?"

இல்லை என்று சொன்னேன். பலமுறை சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்த நிமிஷம் எங்கள் ஆஸ்பத்திரியின் மொத்த முன்னேற்றத்தையும் ஜன்னல் வழியே வீச வேண்டும் போல் இருந்தது.

நேராகப் பேராசிரியர் பியோவின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, ஊசியை நிறுத்த வேண்டும் என்றேன்.

"யோ டாக்டர், நீங்க எந்தத் துறை?"

"எந்தத் துறையும் இல்ல, பேராசிரியர்."

"அதான். கிராஃப்ல இவ்வளவு அழகா ஒரு சர்க்கரைக் கோடு நான் யார்கிட்டயும் பாத்ததில்ல. கருத்தரங்கு வரைக்கும் ஊசி போகட்டும். அப்புறம் பேசலாம்."

"அதுவரைக்கும் அவர் இருக்கணும்."

"எங்க துறையைப் பொறுத்தவரை அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்ல."

வார்டுக்குத் திரும்பினேன். அந்த ஊசியை ஒவ்வொரு வாரமும் வார்டு டாக்டர்தான் புதிதாக எழுத வேண்டும். நான் எழுதவில்லை. பிளாஸ்திரியையும் எடுத்துவிட்டேன், பட்டினிச் சோதனைகளையும் ரத்து செய்தேன். என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று தினமும் காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பியோவின் ஆட்கள் தினமும் திரையில் சர்க்கரைக் கோட்டை மட்டும் பார்த்தார்கள். சாப்பிடாத மனிதருக்குச் சர்க்கரை எங்கே ஏறும், கோடு அழகாகவே இருந்தது. மருந்து நின்றதைக் கவனிக்க அவர்கள் நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நேரம் கடந்துவிட்டதோ, துறை இல்லாதவள் துள்ளியதற்குப் பெரியவர் விலை கொடுக்கப்போகிறாரோ என்று தோன்றியது. அதற்கு அடுத்த வாரம் குமட்டல் குறைந்தது. ஒருநாள் கஞ்சிக் கிண்ணம் பாதி காலியானது. அதுவரை கொட்ட மனசு வராமல் மீதியைத் தின்றுகொண்டிருந்த சுன்ரே அம்மா அன்று அதைத் தொடவில்லை. தட்டை அப்படியே வண்டியில் வைத்தாள். திரையில் முதல்முறையாக, நோயாளிக்கு உணவு குறைந்துவிட்டது, கவனம் தேவை என்று சிவப்பு எழுத்து வந்தது.

கருத்தரங்கு நாள் வந்தது. பெரிய அரங்கு, நிறைய டாக்டர்கள், சியோலிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விருந்தாளிகள். ஒவ்வொரு பேராசிரியராக மேடையேறி அதே உடம்பைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு வால்வு, ஒருவருக்கு சிறுநீரகம், ஒருவருக்கு ஞாபகம். வண்டியின் படங்கள்கூடத் திரையில் வந்தன. காலித் தட்டுகளுக்குக் கைதட்டல் கிடைத்தது. கடைசியில் தாக் மான்கியையே சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நான்தான் தள்ளிக்கொண்டு போனேன், அந்த வேலைக்கு எந்தத் துறையும் போட்டி போடவில்லை. காலையிலிருந்து ஒத்திகை என்று சொல்லி அவரை உட்காரவைத்திருந்தார்கள், மதியச் சாப்பாடு தள்ளிப்போய்விட்டது.

பியோ மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

"சொல்லுங்க ஐயா. இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?"

பெரியவர் வழக்கம்போல் தலையைத் தாழ்த்தினார். வாயைத் திறந்தார், உங்க தயவுல என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றார்.

"உங்க தயவுல, எனக்குப் பசிக்குதுங்க."

அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பியோவின் முகம் மாறியது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பசி எப்படி வரும்? ஊசி போடுறீங்கல்ல?"

"இல்ல, பேராசிரியர்."

"அப்போ சிகிச்சை தோத்துப்போச்சு."

"உங்க துறையைப் பொறுத்தவரை, ஆமா."

அவர் பதில் சொல்வதற்குள் முன்வரிசையிலிருந்து சுன்ரே அம்மா எழுந்து மேடைப் படிகளில் ஏறிவிட்டாள். தடுக்க வந்தவனிடம், "தள்ளுப்பா, சோறு ஆறிடும்" என்றாள். கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய எவர்சில்வர் டப்பாவை எடுத்துக் கணவரின் மடியில் வைத்துத் திறந்தாள். வெள்ளைச் சோறு, கொஞ்சம் எலும்பு சூப்பு, கொஞ்சம் முள்ளங்கிக் கிம்ச்சி. கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

விளக்குக்காரனுக்கு அணைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, வெளிச்சம் அவர் மேலேயே இருந்தது. தாக் மான்கி யாரையும் பார்க்காமல் நிதானமாக, சூப்பை உறிஞ்சும் சத்தம் பியோவின் கை விலகியிருந்த மைக்கில் கேட்க, சாப்பிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் பலர் ஒரு நோயாளி சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.