இன்னொரு வாட்டி

"போனக் குடு ஜீவா, டி.வி.யில மாட்டோணும். பெட்டியத் தூக்கறதுக்கு முந்தி அப்பா பேசுனதப் போடச் சொல்றாரு பாஸ்டரு" என்று வளவன் கையை நீட்டினான்.

ஜீவா போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒயரக் குடுங்கண்ணா. நானே போடறேன்."

அவள் நெட்டில் போட்ட அந்த வீடியோவைக் காலையிலிருந்து நானூறு பேர் பார்த்துவிட்டார்கள். நாற்பது விநாடிதான். தலையணையில் சாய்ந்தபடி அப்பா மனப்பாடமான பைபிள் வசனத்தைச் சொல்கிறார். 'கடைசி மூச்சிலும் சாட்சி' என்று அவள் தலைப்பு வேறு வைத்திருந்தாள். பாதி நாமக்கல் ஆமென் போட்டுவிட்டது.

வெட்டாத முழு வீடியோவும் போனில்தான் இருந்தது.

அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் செய்தவர். சர்ச்சுக்குத் தான் செய்து கொடுத்த இரும்புக் கேட்டில் தன் பெயரை எழுத வந்த பெயிண்டரை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியவர். ஜெபக்கூட்டத்தில் ஜீவா போனைத் தூக்கினால், "ஏஞ்சாமி, ஆண்டவருக்குக் கண்ணு தெரியாதா? படம் புடிச்சுத்தான் காட்டோணுமா?" என்று சிரிப்பார்.

"நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்குமுங்கப்பா" என்பாள்.

நாலு பேருக்கா, தனக்கா என்று அவள் யோசித்ததே இல்லை. நேற்றுச் சாயங்காலம் அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். வீடியோ வேண்டாம் என்று சொல்லப் படுக்கையில் கிடந்த அப்பாவுக்குத் தெம்பு இல்லை.

இப்போது யோசித்தாள். பயமாக இருந்தது. வெட்டியதைப் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. முழுவதையும் போட்டால் ஊர் காறித் துப்பும். அம்மா இனி முகத்தில் விழிப்பாளா?

"தகப்பனோட சாட்சிய ஊரறியச் செஞ்ச இந்த மகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்றார் பாஸ்டர் மைக்கில்.

பந்தலே திரும்பி அவளைப் பார்த்தது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, அழுகைக்கு நடுவிலும் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் ஜீவாவால் தாங்க முடியவில்லை. ஒயரைப் போனில் மாட்டி, வெட்டாத வீடியோவைத் தொட்டாள்.

டி.வி.யில் அப்பா வசனத்தைச் சொல்லி முடித்தார். நாக்கால் உதட்டைத் தடவினார்.

"தண்ணி குடு சாமி."

"ஒரு நிமிசம் இருங்கப்பா. மூஞ்சியில வெளிச்சமே உளுகல. இன்னொரு வாட்டி சொல்லுங்க, அப்பறம் தாரேன்."

அவர் மறுபடி தொடங்கினார். பாதி வசனத்தில் நின்றுவிட்டார். தலை ஒரு பக்கம் சரிந்தது.

"அப்பா? அப்பா!"

படம் சுழன்று, கட்டிலில் கவிழ்ந்து, இருட்டானது.

நிறுத்துவதற்காக நீட்டிய கையை வளவன் அப்படியே வைத்திருந்தான். ஜீவா அம்மா பக்கம் திரும்பவே பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடியோ இன்னும் முடியவில்லை. கறுத்த டி.வி.யிலிருந்து, குடத்தில் சொம்பு இடிக்கும் சத்தமும், பிறகு தம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் பந்தல் முழுக்கக் கேட்டன.